குழாய்க்குள் தண்ணீரா, காற்றா? மீன்தொட்டி வடிகாலின் கணக்கு

வாசகர் ஒருவரின் கேள்வி இது. வீட்டில் நான்கடி மீன்தொட்டி, அதன் ஸ்டாண்டுக்குள் ஒரு சம்ப் (பில்டரும் பம்பும் இருக்கும் கீழ்த்தொட்டி). தொட்டியிலிருந்து இறங்கும் குழாய் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை கழிப்பறை ஃபிளஷ் போல உறிஞ்சிச் சத்தம் போடுகிறது. கரண்ட் போனாலோ சம்ப் நிரம்பி வழிந்து ஹால் நனைகிறது. பம்பை மாற்ற வேண்டுமா என்று கேட்கிறார். வேண்டாம். இரண்டு கோளாறுக்கும் மூலம் காற்றுதான். முதலாவதில், வேண்டாத இடத்தில் காற்று நுழைகிறது. இரண்டாவதில், நுழைய வேண்டிய இடத்தில் அதற்கு வழியில்லை.

அமைப்பு எளிது. தொட்டியின் ஓரத்தில் ஒரு ஓவர்ஃப்ளோ பெட்டி. அதன் விளிம்பைத் தாண்டி விழும் தண்ணீர் குழாய் வழியாக சம்புக்கு இறங்கும். பில்டரைக் கடந்ததும் பம்ப் அதை மேலே ஏற்றும். பம்ப் அட்டையில் போட்டிருக்கும் லிட்டர் கணக்கு உயரமே இல்லாதபோது கிடைப்பது. ஒரு மீட்டருக்கு மேல் ஏற்றும்போது அது நன்றாகக் குறையும். இந்தத் தொட்டிக்கு (120 × 45 × 45 செ.மீ., ஏறத்தாழ 240 லிட்டர்) மேலே வந்து சேரும் தண்ணீர் மணிக்கு 2000 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம்.

இனி சத்தத்துக்கு வருவோம். செங்குத்தான குழாயில் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டால் அது நடுவில் விழாது. சுவரைத் தழுவிக்கொண்டு மெல்லிய உறை போல இறங்கும். நடுவே காற்றுத் தூண் நிற்கும். அடுக்குமாடிக் கழிவுக் குழாய்களைக் கால் பங்கு, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே நிறையும்படி வடிவமைப்பது இந்தக் காற்றுத் தூணைக் காப்பாற்றத்தான். தண்ணீரைக் கூட்டினால் உறை தடித்து ஓரிடத்தில் குழாயை அடைத்துவிடும். அந்த நொடியில் சைபன் (நிறைந்த குழாய் தானாகவே தண்ணீரை இழுத்து இறக்குவது) பிடித்துக்கொள்கிறது. பம்ப் தருவதைவிட வேகமாகப் பெட்டியைக் காலி செய்கிறது, மட்டம் வாய்வரை இறங்கியதும் காற்றை உறிஞ்சி அறுந்துபோகிறது. மட்டம் மறுபடி ஏறும், மறுபடி பிடிக்கும். வாசகர் கேட்கும் ஃபிளஷ் சத்தம் இந்தச் சுழற்சிதான்.

ஆகவே ஒரு குழாய் முழுக்கத் தண்ணீராக ஓட வேண்டும், அல்லது பெரும்பகுதி காற்றாக இருக்க வேண்டும். நடுவாந்திரமாக ஓடும் குழாய்தான் இரைகிறது. மீன் வளர்ப்போர் ‘ஹெர்பி’ என்று அழைக்கும் முறை இதை இரண்டு குழாய்களுக்குப் பங்கிட்டுத் தருகிறது. மெயின் குழாயின் வாய் பெட்டியின் மட்டத்துக்கு 15 செ.மீ. கீழே எப்போதும் மூழ்கியிருக்கும். அதன் கீழ்முனையில் ஒரு கேட் வால்வு, அதாவது பல சுற்று திருகி மெல்ல மூடும் வால்வு. இரண்டாவது, அவசரக் குழாய். வாய் மேலே திறந்திருக்கும், வால்வு கிடையாது.

வால்வு எதற்கு? நிறைந்து ஓடும் குழாயில் வேகத்தை முடிவு செய்வது பெட்டியின் நீர்மட்டத்துக்கும் சம்பின் நீர்மட்டத்துக்கும் உள்ள உயர வித்தியாசம். இங்கே அது சுமார் 90 செ.மீ. தடையே இல்லாவிட்டால் நொடிக்கு 4.2 மீட்டர் வேகம் வரும். எல்போ, உரசல் எல்லாம் சேர்ந்து அதைப் பாதியளவுக்கும் கீழே இழுத்துவிடும். அப்படியும் 32 மி.மீ. பிவிசி குழாய் மணிக்கு 4000 லிட்டர் அளவுக்கு இழுக்கும். நமக்குத் தேவை 2000. மிச்சத்தை வால்வைத் திருகி அடக்குகிறோம்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். ஓட்டம் உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. பம்ப் 1 சதவீதம் கூடுதலாகத் தந்தால் அதை வடிக்க உயரம் 2 சதவீதம் கூட வேண்டும். அதாவது மட்டம் 1.8 செ.மீ. ஏறினால்தான் சமநிலை. 5 சதவீதம் என்றால் 9 செ.மீ. தானாகச் சரிசெய்துகொள்ளும் அமைப்புதான், ஆனால் சோம்பலான அமைப்பு. வால்வு வாயில் கொஞ்சம் பாசி பிடித்தாலே, ஒரு நத்தை வந்து உட்கார்ந்தாலே மட்டம் விரல்கணக்கில் நகர்வது இதனால்தான். வாயை 15 செ.மீ. ஆழத்தில் வைக்கச் சொன்னதும் அதற்காகத்தான்: மட்டம் 9 செ.மீ. இறங்கினாலும் காற்று நுழையாது.

ஏறினால்? அவசரக் குழாய் பார்த்துக்கொள்ளும். அதன் வாய் பெட்டியின் விளிம்புக்கு 2–3 செ.மீ. கீழே இருக்கட்டும். அதற்குள் மெல்லிய இழையாகத் தண்ணீர் வழியும்படி வால்வை நிறுத்துங்கள். கூடுதல், குறைச்சல் எல்லாவற்றையும் அந்த இழை வாங்கிக்கொள்ளும். மட்டம் மில்லிமீட்டர் கணக்கில்தான் அசையும். சுவரோடு ஒட்டி இறங்குவதால் சத்தமும் வராது. இழைக்கு ஒன்று, அவசரத்துக்கு ஒன்று எனத் தனித்தனியாகப் பிரித்து மூன்று குழாய் வைப்பது ‘பீன் அனிமல்’ முறை. பெட்டியில் இடமிருந்தால் அதையே செய்யுங்கள்.

மெயின் குழாயின் கீழ்முனை சம்ப் தண்ணீருக்குள் 2 செ.மீ. மட்டுமே மூழ்கட்டும். கரண்ட் திரும்பும்போது குழாய்க்குள் காற்று நிற்கும். முனை ஆழமாக மூழ்கியிருந்தால் அந்தக் காற்று வெளியே தள்ளப்படாமல் சைபன் தொடங்கவே தொடங்காது. அவசரக் குழாயின் முனை தண்ணீருக்கு மேலேயே இருக்கட்டும். நிறைய ஓட ஆரம்பித்தால் சத்தம் உங்களைக் கூப்பிடும்.

பால் வால்வு வேண்டாம், கால் சுற்றில் திறந்து மூடிவிடும். நுணுக்கமாக நிறுத்த முடியாது. பிளாஸ்டிக் கேட் வால்வைத் தேடி வாங்குங்கள். பித்தளையில் செம்பு இருக்கிறது, இறாலுக்கும் நத்தைக்கும் ஆகாது. வால்வின் இரு பக்கமும் யூனியன் (கழற்றி மாட்டும் இணைப்பு) போட்டால் கழற்றிக் கழுவலாம். கண்ணாடித் துளையில் குழாயைப் பொருத்தும் டேங்க் நிப்பிளின் ரப்பர் வாஷர் தண்ணீர்ப் பக்கம், நிப்பிளின் விளிம்புக்கு அடியில் வர வேண்டும். கையால் இறுக்கி மேலும் கால் சுற்று போதும். துளை பிட் வாங்குமுன் நிப்பிளின் மரையை அளந்துவிடுங்கள். டெம்பர்டு (சூடேற்றி உறுதியாக்கிய) கண்ணாடியில் துளை போட்டால் முழுக்க நொறுங்கிவிடும். சென்னை கொளத்தூரில் வாங்கினாலும் வேறெங்கு வாங்கினாலும் முதலில் இதைக் கேளுங்கள்.

இப்போது கரண்ட் போகட்டும். விளிம்பு 25 செ.மீ. நீளம் என்றால் 2000 லிட்டர் ஓடும்போது அதன்மேல் சுமார் 1.1 செ.மீ. தண்ணீர் நிற்கும். அது வடிவதோடு முடிந்தால் நல்லது. ஆனால் பம்ப் நின்றவுடன் அதிலிருந்து மேலே வரும் குழாயும் தலைகீழ் சைபனாகிவிடும். அதன் முனை 10 செ.மீ. மூழ்கியிருந்தால் 120 × 45 × 10, அதாவது 54 லிட்டர் கீழே வரும். பெட்டியும் குழாய்களும் 6 லிட்டர் சேர்க்கும். 75 × 35 × 40 செ.மீ. சம்ப் 22 செ.மீ. மட்டத்தில் ஓடினால் காலியிடம் 47 லிட்டர்தான். மீதி 13 லிட்டர் ஹாலுக்கு.

தீர்வு 4 மி.மீ. துளை ஒன்று. ஏற்றுக் குழாயில் நீர்மட்டத்துக்கு 2 செ.மீ. கீழே போடுங்கள். மட்டம் அங்கே இறங்கியதும் காற்று நுழைந்து சைபன் அறும்; மொத்தம் 17 லிட்டரோடு நின்றுவிடும். ஒருவழி வால்வை மட்டும் நம்ப வேண்டாம், சுண்ணாம்புப் படிவு ஏறினால் அது முழுதாக மூடாது. துளையிலும் பாசி அடைக்கும். மாதம் ஒருமுறை குச்சியால் குத்திவிடுங்கள்.

இரவில் கரண்ட் போய் மீன் செத்தால் ‘திருஷ்டியை வாங்கிக்கொண்டது’ என்று சொல்லிவிட்டுப் புது மீன் வாங்கும் வழக்கம் வருத்தம் தருகிறது. பெரும்பாலும் அந்த மீன் ஆக்சிஜன் இல்லாமல் மூச்சுத் திணறிச் செத்திருக்கும். பேட்டரியில் ஓடும் ஒரு சிறிய காற்று பம்ப் அதைக் காப்பாற்றியிருக்கும்.

மீன் விடுமுன் ஒரு நாள் வெறும் தண்ணீரில் ஓட்டுங்கள். பம்பை நிறுத்தி சம்ப் மட்டம் எங்கே நிற்கிறது என்று பார்த்து, ஓடும் மட்டத்தை மார்க்கர் பேனாவால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். பிறகு மெயின் வால்வை முழுக்க மூடிவிட்டுப் பத்து நிமிடம் பம்பை ஓட விடுங்கள். 2000 லிட்டரையும் அவசரக் குழாய் தனியாக வாங்கிக்கொள்ள வேண்டும். தொட்டி மட்டம் ஏறிக்கொண்டே போனால் குழாயைப் பெரிதாக்குங்கள், அல்லது பம்பைச் சிறிதாக்குங்கள்.