சட்டமிட்ட தேற்றம் பக்கம் தாண்டுவது எப்படி?

மொரீஷியஸின் ரோஸ் ஹில்லில் எச்.எஸ்.சி. (பள்ளி இறுதித் தேர்வு) மாணவர்களுக்குக் கணிதம் கற்பிக்கும் வாசகர் ஒருவர், ஆவணங்களை அச்சுக்கு வடிவமைக்கும் லேடெக் மென்பொருளில் தாம் தயாரித்துவரும் பாடக்குறிப்பின் இரண்டு பக்கங்களை அனுப்பியிருக்கிறார். முதல் பக்கம் பாதியில் நின்றுவிட்டது. மீதி முழுவதும் வெற்றிடம். அடுத்த பக்கத்தில் இடைமதிப்புத் தேற்றமும் அதன் நிரூபணமும் நீலச் சட்டத்துக்குள் தொடங்கித் தாளின் அடி விளிம்பையும் தாண்டிவிட்டதால், கடைசி வரிகள் அச்சில் வரவே இல்லை. சட்டம் போடாதபோது ஒழுங்காக அடுத்த பக்கத்துக்குச் சென்ற வரிகள், சட்டம் போட்டதும் ஏன் அடம்பிடிக்கின்றன என்று கேட்கிறார்.

லேடெக்கின் அடித்தளமான டெக் மென்பொருளை டொனால்ட் குனூத் 1970களின் இறுதியில் எழுதத் தொடங்கினார். அதன் கணக்கில் எழுத்து, வரி, பக்கம் எல்லாமே பெட்டிகள். அவற்றுக்கு நடுவே விரியவும் சுருங்கவும் கூடிய இடைவெளிக்குப் பசை என்று பெயர். பத்தியை வரிகளாக வெட்டும்போது டெக் முழுப் பத்தியையும் சேர்த்துப் பார்த்து, மொத்தத்தில் சிறந்த வெட்டுகளைத் தேர்கிறது. குனூத்தும் மைக்கேல் பிளாஸும் 1981இல் விளக்கி வெளியிட்ட முறை அது. பக்கத்தை வெட்டும்போது இவ்வளவு தூரம் முன்னே பார்ப்பதில்லை. பல பக்கங்களை ஒருசேர வைத்துக்கொள்ள அன்றைய கணினிகளின் நினைவகத்தில் இடமில்லாததால், வரிகளை ஒவ்வொன்றாக அடுக்கி, வெட்டத்தக்க ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு செலவைக் கணக்கிட்டு, பக்கம் நிரம்பி வழிந்ததும் அதுவரை கண்டவற்றுள் செலவு குறைந்த இடத்தில் வெட்டிவிடும். வெட்டவே கூடாத இடத்துக்கு 10,000 என்று தண்டம் விதிப்பார்கள். வெட்டியே தீர வேண்டிய இடத்துக்கு அதே எண் குறைக்குறியோடு வரும்.

சட்டம் போட வேண்டுமானால் உள்ளடக்கத்தின் உயரம் முன்கூட்டியே தெரிய வேண்டும். ஆகவே சாதாரணச் சட்டக் கட்டளை, தேற்றத்தின் எல்லா வரிகளையும் ஒரே செங்குத்துப் பெட்டியில் அடுக்கி, அளந்து, சுற்றிலும் நான்கு கோடுகளை இழுத்துப் பக்கத்திடம் ஒப்படைக்கிறது. பக்கத்தைக் கட்டும் பகுதிக்கு இப்போது தேற்றமும் நிரூபணமுமான 60 வரிகள் தெரிவதில்லை. மிக உயரமான ஒரே பொருள்தான் தெரிகிறது. இடம் போதாவிட்டால் அதை முழுதாக அடுத்த பக்கத்துக்குத் தள்ளும். அங்கும் கொள்ளாவிட்டால் வழிய விடும். ஆசிரியரின் இரண்டு பக்கங்களிலும் நேர்ந்தது இதுதான்.

டெக்கின் வடிவமைப்பில் நான் மிகவும் போற்றும் நுட்பம் இந்த இடத்தில்தான் உதவிக்கு வருகிறது. பெட்டிக்குள் அடைபட்ட பின்னும் வரிகளுக்கு இடையிலான பசையும் தண்டங்களும் அழிவதில்லை. வெளியிலிருந்து காண முடியாதவையாக உள்ளே அப்படியே இருக்கின்றன. விஸ்பிளிட் என்ற அடிப்படைக் கட்டளை, கோடுகள் இழுக்கப்படாத அந்தப் பெட்டியைத் திறந்து, கேட்ட உயரத்துக்கு ஏற்ற வெட்டிடத்தைப் பக்கத்துக்குச் செய்வதைப் போன்ற செலவுக் கணக்கினாலேயே கண்டுபிடித்து, மேல் துண்டைத் தனிப் பெட்டியாகத் தந்து, எஞ்சியதைப் பழைய பெட்டியிலேயே விட்டுவைக்கிறது. வெட்டுவாயில் கிடக்கும் பசையை எறிந்துவிட்டு, எஞ்சிய துண்டின் முதல் வரி சீரான உயரத்தில் தொடங்கும்படி புதிய பசையும் வைக்கிறது. ஓரம் தைத்து முடித்த துணியை நடுவில் கத்தரித்தால் நூல் பிரிந்துவிடும். தைக்காத துணியைக் கத்தரித்த பிறகு ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியே ஓரம் அடிப்பதைப் போல, முதலில் வெட்டு, பிறகு சட்டம் என்ற வரிசையே இதற்கு வழி.

ஆசிரியரின் பக்கத்தில் எழுத்துப் பகுதியின் உயரம் 650 புள்ளி (அச்சுத் துறையின் நீள அலகு) என்றும், அதில் 325 நிரம்பிவிட்டது என்றும் வைத்துக்கொள்வோம். மீதமுள்ள 325இல் சட்டத்துக்கு மேலான இடைவெளிக்கு 10 புள்ளியும், கோடுகளுக்கும் உள்விளிம்புகளுக்குமாக 13 புள்ளியும் போக, எழுத்துக்கு 302 கிடைக்கும். வரிக்கு 14 புள்ளி என்றால் 21 வரிகள் முதல் துண்டில் அடங்கும். எஞ்சிய 39 வரிகள் தங்களுக்கென ஒரு சட்டத்துடன் அடுத்த பக்கத்தின் தலையில் அமரும். முதல் துண்டின் அடிக்கோட்டையும் இரண்டாவதின் மேல்கோட்டையும் போடாமல் திறந்துவிட்டால், தேற்றம் தொடர்கிறது என்பது வாசிப்பவருக்குப் பார்த்தவுடனே புரியும். இதையே நான் விரும்புகிறேன்.

மீதமுள்ள இடத்தை அளப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. பக்கத்தின் இலக்கு உயரத்தையும் இதுவரை நிரம்பிய உயரத்தையும் டெக் இரண்டு மாறிகளில் வைத்திருக்கிறது. கழித்தால் விடை வந்துவிடும் என்றே தோன்றும். ஆனால் புதிய பக்கத்தில் எந்தப் பெட்டியும் ஏறாத நிலையில் இலக்கின் மதிப்பு 16383.99998 புள்ளி, அதாவது ஐந்தே முக்கால் மீட்டர்! வரம்பு இன்னும் நிர்ணயிக்கப்படவில்லை என்பதற்கு டெக் வைக்கும் அடையாளம் அது. இதைச் சோதிக்காத நிரல், ஐந்தே முக்கால் மீட்டர்த் தாள் இருப்பதாக நம்பித் தேற்றத்தை வெட்டாமலே வைத்துவிடும். டொனால்ட் ஆர்செனோவின் ஃபிரேம்டு, தாமஸ் ஸ்டர்மின் டிகலர்பாக்ஸ் போன்ற நிரல்தொகுப்புகள் இத்தகைய சிக்கல்களை எல்லாம் நமக்காகக் கடந்து வைத்திருக்கின்றன. இப்படிப்பட்ட தொகுப்புகள் பலவும் ஓரிருவரின் ஓய்வுநேர உழைப்பால் வாழ்பவை. ஆண்டுதோறும் உரிமக் கட்டணம் செலுத்தி மென்பொருள் வாங்கும் உயர்கல்வி நிறுவனங்கள், நம் தீவில் உள்ளவையும் சேர்த்து, அதில் சிறு பங்கையாவது இவற்றின் பராமரிப்புக்கு ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆய்வேட்டின் உள்ளடக்கத்துக்கு நிதி தருபவர்கள், அதைப் படிக்கத் தக்கதாக்கும் கருவிக்கு எதுவும் தராமலிருப்பது நியாயமில்லை.

இந்த முறைக்கும் எல்லைகள் உண்டு. சட்டத்துக்குள் இன்னொரு சட்டம் வைத்தால் உள்ளே இருப்பது மீண்டும் வெட்டமுடியாத ஒரே பொருளாகிவிடும். படமும் சாதாரண அட்டவணையும் அப்படியே. அடிக்குறிப்புகள் பெட்டிக்குள் சிக்கிக்கொள்வதால், பக்கத்தின் அடிக்குப் போகாமல் சட்டத்தின் அடியிலேயே அச்சாகலாம். தமிழில் எழுதுவோர் கவனிக்க வேண்டியது இன்னொன்று. கூ, ழு போன்ற எழுத்துகள் வரிக்குக் கீழே இறங்குவதால், வரி இடைவெளி நெருக்கமாக இருந்தால் சில வரிகள் மட்டும் விலகி நிற்கும். வெட்டிய துண்டுகளின் உயரமும் ஒழுங்கற்றுப் போகும். இடைவெளியைச் சற்றுத் தாராளமாக வைப்பதே நல்லது.

ஆசிரியர் தம் சட்டக் கட்டளையை எடுத்துவிட்டு, டிகலர்பாக்ஸில் பிரேக்கபிள் என்ற நூலகத்தை ஏற்றி, தேற்றப் பெட்டிக்கும் அதே பெயருள்ள விருப்பத்தேர்வைக் கொடுத்தால் போதும். கையால் பக்கமுறிவு போட்டுச் சமாளிக்க வேண்டாம். மேலே ஒரு வரி கூடினாலும் அது தவறான இடத்தில் நிற்கும். அவருடைய நிரூபணத்தின் நடுவில் ஒன்பது வரிகளுக்கு நீளும் சமன்பாட்டுத் தொடர் ஒன்று இருக்கிறது. சமன்பாடுகளை அமைக்கும் கணித நிரல்தொகுப்பு அதன் வரிகளுக்கிடையே 10,000 தண்டம் வைத்திருப்பதால், சட்டம் வெட்டப்பட்டாலும் அந்த ஒன்பது வரிகளும் பிரியாமல் ஒன்றாகவே நகரும். அலவ்டிஸ்பிளேபிரேக்ஸ் என்ற கட்டளையை ஆவணத்தின் முகப்பில் சேர்த்துவிட்டால், அவற்றுக்கு நடுவிலும் பக்கம் முறிய வழி கிடைக்கும்.