எட்டு பைட்டில் ஒளிந்திருக்கும் விடை

வெள்ளவத்தையிலிருந்து உயர்தர மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: "தாய் வகுப்பின் மெதட்டைச் சேய் வகுப்பில் மாற்றி எழுதலாம் என்று படித்தோம். இரண்டில் எதை இயக்குவது என்று கணினிக்கு எப்படித் தெரிகிறது?" வரைவிலக்கணத்தை மனனம் செய்தாலே புள்ளி கிடைத்துவிடும் பாடத்தில் இப்படிக் கேட்கத் தோன்றியதே எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

செய்நிரலில் ஒரு வகைப் பொருள்களுக்கான வார்ப்புதான் வகுப்பு; அந்தப் பொருள்கள் செய்யும் வேலை ஒவ்வொன்றும் மெதட். தாயிடம் உள்ளதைச் சேய் பெற்றுக்கொள்ளும் மரபுரிமை தெரிந்ததுதான். 'வாகனம்' வகுப்பில் 'நிறுத்து', 'கட்டணம்' என்று இரண்டு மெதட்கள். 'பஸ்', 'முச்சக்கரவண்டி' இரண்டும் அதன் சேய்கள். நிறுத்துவதை அப்படியே பெற்றுக்கொள்கின்றன. கட்டணத்தை மட்டும் தத்தம் வழியில் எழுதிக்கொள்கின்றன. காலி வீதியில் பஸ்ஸுக்கு ஒரு கணக்கு, மீட்டர் ஓடும் முச்சக்கரவண்டிக்கு வேறு கணக்கு. இப்போது எல்லாம் கலந்து நிற்கும் வரிசையில் ஒவ்வொன்றிடமும் 'கட்டணம்' கேட்கும் ஒரே ஒரு வரியை எழுதுகிறோம். அங்கே வந்து நிற்கப்போவது எது என்று, நாம் எழுதியதைக் கணினியின் மொழிக்கு மாற்றும் தொகுப்பானுக்குத் தெரியாது.

சி++ மொழியின் தொகுப்பான்கள் வழக்கமாகச் செய்வது இதுதான். 'வேர்ச்சுவல்' (virtual), அதாவது சேய் மாற்றி எழுதலாம், என்று குறித்த மெதட்களுக்காக வகுப்புக்கு ஓர் அட்டவணை அமைக்கின்றன. அட்டவணையின் முதலாவது கட்டத்தில் 'நிறுத்து' இருக்கும் நினைவக முகவரி, அடுத்ததில் 'கட்டணம்' இருக்கும் முகவரி. சேயின் அட்டவணையும் தாயினுடையதைப் போலவே தொடங்குகிறது; மாற்றி எழுதிய மெதட்டுக்குரிய கட்டத்தில் மட்டும் சேயின் முகவரி அமர்கிறது. கட்டத்தின் இலக்கம் மாறுவதே இல்லை. எல்லா அழகும் அதில்தான்! ஒவ்வொரு பொருளும் தன் வகுப்பின் அட்டவணையைக் காட்டும் சுட்டி ஒன்றை, அதாவது அதன் நினைவக முகவரியை, மறைவாகச் சுமக்கிறது. 64 பிட் கணினியில் அதற்கு எட்டு பைட். சுட்டியைப் பிடி, இரண்டாம் கட்டத்தைப் பார், அந்த முகவரிக்குத் தாவு. "நீ பஸ்ஸா, முச்சக்கரவண்டியா?" என்ற விசாரணைக்கே இடமில்லை. அடுத்த ஆண்டு வேறொருவர் 'வான்' வகுப்பை எழுதிச் சேர்த்தாலும், இன்று எழுதிய அந்த வரி ஓர் எழுத்தும் மாறாமல் அதன் கட்டணத்தைச் சரியாகக் கேட்கும்.

வாகன உதாரணமும் தற்செயலானதல்ல. நோர்வேயின் ஓலே யோஹான் டாலும் கிறிஸ்டன் நைகார்டும் சிமுலா 67 மொழியை ஆக்கியபோது, பாலத்துச் சுங்கச்சாவடியில் வரிசையாக நிற்கும் லொறிகளையும் பஸ்களையும் வைத்தே சிந்தித்தார்கள். அவர்களுக்கு கணினி அறிவியலின் உயரிய விருதான டியூரிங் விருது 2001ஆம் ஆண்டுக்குக் கிடைத்தது. வரிசைகளைக் கணினியில் போலச் செய்து பார்க்கும் ஆய்வுக்கு ஒரு சிறிய நாடு இடம் கொடுத்ததன் பலன் அது. உடனடி வருமானம் என்னவென்று கேட்டே ஆய்வுக்குப் பணம் ஒதுக்கும் வழக்கத்தை நாமும் கைவிட வேண்டும்.

மாணவிக்கு ஓர் எச்சரிக்கை. தாயின் 'கட்டணம்' முழு எண்ணை ஏற்க, சேயில் நீங்கள் எழுதியது தசம எண்ணை ஏற்றால் அது மாற்றி எழுதியதாகாது. பழைய கட்டத்தில் தாயின் முகவரியே இருக்கும். செய்நிரல் பிழை காட்டாமல் ஓடித் தவறான தொகையைச் சொல்லும். 2011ஆம் ஆண்டின் சி++ தரத்தில் வந்த 'ஓவர்ரைட்' (override) என்ற சொல்லைச் சேய் மெதட்டின் இறுதியில் சேர்த்துவிடுங்கள். பொருந்தும் கட்டம் இல்லையென்றால் தொகுப்பான் அங்கேயே மறுத்துவிடும்.