எக்ஸ்டென்ஷன் 101, பாஸ்வேர்டும் 101

போன திங்கட்கிழமை காலையிலேயே செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசு வியாபாரி ஒருவர் கூப்பிட்டார். "சனிக்கிழமை பூட்டிட்டுப் போன ஆபீஸ்ல இருந்து வெளிநாட்டுக்கு எப்படி தம்பி கால் போகும்?" இந்த வருஷம் எனக்கு இது மூன்றாவது.

கடை போன்களையும் ஏற்காட்டு எஸ்டேட் ஆபீஸ் போன்களையும் இன்டர்நெட் வழியாக இணைத்திருக்கிறார்கள். நல்ல காரியம்தான். ஒரு பழைய கம்ப்யூட்டர், ஆபீஸ் எக்ஸ்சேஞ்ச் வேலையைச் செய்யும் இலவச ஆஸ்டரிஸ்க் புரோகிராம், இருக்கிற இன்டர்நெட் போதும், ஜி.711 என்ற குரல் முறையில் ஒரு காலுக்கு 90 கேபிபிஎஸ் அளவுதான் ஆகும். ஆனால் இணைத்தவர் ரூட்டரில் இந்த போன்களுக்கான வாசலான 5060-ஆம் போர்ட்டை ஊருக்கே திறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

"சின்னக் கடை, நம்மள யாருப்பா தேடி வரப் போறாங்க?" எல்லோரும் சொல்வது இதையேதான், கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. ஐயா, உங்களை யாரும் தேடவில்லை. உலகத்தில் ஐபிவி4 என்கிற இன்டர்நெட் முகவரிகளே மொத்தம் 430 கோடிக்குள்தான். அத்தனையையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கும் புரோகிராம்கள் ராப்பகலாக ஓடுகின்றன, அதற்குச் செவ்வாய்ப்பேட்டையும் தெரியாது, கொலுசும் தெரியாது, 5060-இல் பதில் வந்தால் போதும். போன் சிஸ்டத்தின் பதிவேடான லாகைத் திறந்து காட்டினேன்: 100, 101, 102 என்று ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனாக நொடிக்கு நாலைந்து வரி, எல்லாம் 'ராங் பாஸ்வேர்டு'. சனி இரவு 11:40-க்கு 101-இல் அது நின்றுவிட்டது, அதன் பாஸ்வேர்டும் 101-தான். அப்புறம் ஞாயிறு முழுக்க வெளிநாட்டுப் பிரீமியம் எண்களுக்குக் கால்கள். அந்தக் கட்டணத்தில் ஒரு பங்கு திருடனுக்குப் போகும். பில் மட்டும் உங்களுக்கு.

தொழில் செய்யும் தம்பிகளுக்கு: வெளியிலிருந்து வருவதை ரூட்டர் நேராக உள்ளே விடும் போர்ட் ஃபார்வர்ட் போட்டால் ஐந்து நிமிஷத்தில் வேலை முடியும், தெரியும். போடாதீர்கள். இரண்டு ஆபீஸுக்கும் நடுவே வெளியாள் நுழைய முடியாத தனிப் பாதையாக வயர்கார்டு விபிஎன் போடுங்கள், அதுவும் இலவசம்தான். 5060-ஐ 5080 ஆக்கிவிட்டேன் என்பதெல்லாம் பூட்டே ஆகாது. இன்டர்நெட் போன் தகவலை ரூட்டரே திருத்தி அனுப்பும் எஸ்ஐபி ஏஎல்ஜி-யை அணைத்து விடுங்கள், பாதி "குரல் வரலை" புகார் அதிலேயே தீரும்.

முதலாளிகளுக்கு: ஐஎஸ்டி தேவையில்லை என்றால் ட்ரங்க், அதாவது வெளிக் கால்களுக்கான லைன், கொடுப்பவரிடம் சொல்லி அங்கேயே நிறுத்துங்கள், தேவை என்றால் தினசரி வரம்பு வைக்கச் சொல்லுங்கள். வெளிநாட்டிலிருந்து இன்டர்நெட்டில் வரும் கால்களை உங்கள் லைனில் லோக்கலாக இறக்கினால் கமிஷன் என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்புங்கள், அது சட்டவிரோதம்.

இன்று கடை பூட்டும் முன் உங்கள் ஆளைக் கூப்பிட்டு, "5060 வெளியே திறந்திருக்கா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். "பார்த்துச் சொல்றேன் சார்" என்றால், அவர் பார்த்துச் சொல்லும் வரை ட்ரங்கைக் கழற்றி வையுங்கள்.