டைலோபோரினின் கடைசி வளையம்

நஞ்சறுப்பான் இலையை ஆஸ்துமாவுக்குக் கொடுப்பது நாட்டு வைத்தியத்தில் பழைய வழக்கம். அந்தக் கொடியின் முக்கிய அல்கலாய்டான (செடிகளில் கிடைக்கும், நைட்ரஜன் கொண்ட காரப் பொருள்) டைலோபோரினை 1935இல் இரத்தினகிரீஸ்வரனும் வெங்கடாசலமும் பிரித்தெடுத்தார்கள். அதை ஆய்வகத்தில் கட்டிக் காட்டிய வேலை 1961இல் வெளிவந்தது. செய்தவர்கள் சென்னை மாநிலக் கல்லூரியின் டி. ஆர். கோவிந்தாச்சாரியும் அவரது குழுவினரும். ஐந்து வளையம் கொண்ட அந்த மூலக்கூறில் கடைசி வளையத்தை மூட அவர்கள் எடுத்த கருவி, அமைடிலிருந்து புதிய வளையம் கட்டும் பிஷ்லர்–நேப்பியரால்ஸ்கி வினை. ‘ஆர்கானிக் ரியாக்‌ஷன்ஸ்’ வரிசையின் 6ஆம் தொகுதியில் (1951) இந்த வினைக்கான அத்தியாயத்தை வில்சன் வேலியுடன் சேர்ந்து எழுதியவரும் கோவிந்தாச்சாரிதான். கையேடு எழுதியவரே கருவியைக் கையில் எடுத்தார்.

1893இல் கண்டுபிடிக்கப்பட்ட இந்த வினை, பப்பாவெரின், பெர்பெரின், எமெட்டின் போன்ற ஐசோகுயினோலின் வகை (பென்சீனோடு நைட்ரஜன் கொண்ட ஆறு அணு வளையம் ஒட்டிய) அல்கலாய்டுகளைக் கட்டுவோருக்கு அன்றாடத் தேவை. தொடக்கப் பொருள் ஓர் அமைடு, அதாவது ஆக்ஸிஜன் ஏந்திய கார்பனோடு நைட்ரஜன் இணைந்த சேர்மம். அதில் பென்சீன் வளையத்துக்கும் நைட்ரஜனுக்கும் நடுவே சரியாக இரண்டு கார்பன் இருக்க வேண்டும். அப்போதுதான் ஆறு அணு வளையம் கிடைக்கும். பாஸ்பரஸ் ஆக்ஸிகுளோரைடு அமைடின் ஆக்ஸிஜனைப் பற்றி இழுத்து வெளியேற்றுகிறது. ஆக்ஸிஜனை இழந்த கார்பன் எலக்ட்ரான் பசியோடு நிற்கிறது. பக்கத்திலிருக்கும் பென்சீன் வளையம் தன் எலக்ட்ரான்களைக் கொடுத்து அதனுடன் பிணைகிறது. விளைபொருள் 3,4-டைஹைட்ரோஐசோகுயினோலின்.

ஆகவே வெற்றியும் தோல்வியும் பென்சீன் வளையத்தின் கையில். வளையத்துக்கு எலக்ட்ரான் தரும் மெத்தாக்ஸி (OCH₃) தொகுதி எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். பிணைப்பு உருவாகும் கார்பனுக்குப் பாரா (நேர் எதிர்) இடத்தில் இருந்தால் வேலை எளிது. மெட்டா (ஒரு கார்பன் தள்ளி) இடத்தில் இருந்தால் அதன் உதவி அங்கே எட்டாது, வினை மந்தமாகும். மெத்தாக்ஸியே இல்லாத வளையத்துக்குப் பாஸ்பரஸ் பென்டாக்ஸைடும் 140 டிகிரியை ஒட்டிக் கொதிக்கும் சைலீனும் தேவைப்படலாம். அங்கே இன்னொரு தொல்லை: வளையம் தாமதித்தால் சங்கிலியே அறுந்து ஸ்டைரீனும் நைட்ரைலுமாகப் பிரிந்துவிடும். வெப்பத்தை மேலும் ஏற்றி இதைச் சரிசெய்ய நினைப்பது வீண். அறுபடுவதும் கூடவே வேகமெடுக்கும்.

செய்முறையில் அமைடைக் காய்ந்த டொலுயீனில் கரைத்து, இரண்டு மூன்று மோல் மடங்கு ஆக்ஸிகுளோரைடு சேர்த்து, கால்சியம் குளோரைடு குழாய் பொருத்திய குளிர்விப்பானுடன் சில மணி நேரம் கொதிக்கவிடுவார்கள். டொலுயீன் ஈரமாக இருந்தால் ஆக்ஸிகுளோரைடை நீரே தின்றுவிடும். முடிந்ததும் மிச்சமான ஆக்ஸிகுளோரைடை நீராற்பகுக்கும் கட்டம்தான் ஆபத்தானது. பனிக்கட்டியில் ஊற்றிய உடன் எதுவும் நடக்காதது போலத் தோன்றும். சற்றுப் பொறுத்துத் திடீரெனப் பொங்கும். கொஞ்சம் கொஞ்சமாக, கலக்கிக்கொண்டே, நச்சுப் புகையை இழுத்து வெளியேற்றும் கூண்டுக்குள் செய்ய வேண்டும்.

பிரித்தெடுப்பது மட்டும் சுகமான வேலை. வினைபுரியாத அமைடு நடுநிலையானது, விளைபொருள் காரம். அமில நீரில் விளைபொருள் உப்பாகக் கரைந்து தங்கும். அமைடைக் கரைப்பானால் கழுவி எடுத்துவிட்டு, அம்மோனியா சேர்த்தால் காரம் வெளிவரும். 1-பென்சைல் வகையாக இருந்தால் அதை அப்படியே பாட்டிலில் வைக்கக் கூடாது. காற்று பட்டதும் பென்சைல் கார்பன் ஆக்ஸிஜனேற்றமடைந்து கீட்டோனாகும். ஹைட்ரோகுளோரைடாக மாற்றி வைத்தால் நிலைக்கும்.

டைலோபோரினில் இந்த வினை பென்சீனை விட்டு, மூன்று பென்சீன் வளையங்கள் ஒட்டிய ஃபினாந்திரீன் மீது நடக்கிறது. நான்கு மெத்தாக்ஸி கொண்ட குளோரோமெத்தில் ஃபினாந்திரீனுடன் பைரோலின் (நைட்ரஜன் கொண்ட ஐந்து அணு வளையம்) கிரிக்னார்டு வினைப்பொருளை, அதாவது மெக்னீசியம் சேர்ந்த வடிவத்தை, சேர்த்து, பைரோல் வளையத்துக்கு ஹைட்ரஜன் ஏற்றிப் பைரோலிடீனாக்கி, நைட்ரஜன் மேல் ஒற்றைக் கார்பன் கொண்ட ஃபார்மைல் (CHO) தொகுதியை வைத்தார்கள். அந்த ஒற்றைக் கார்பன்தான் ஆக்ஸிகுளோரைடின் தூண்டலில் ஃபினாந்திரீனோடு இணைந்து ஐந்தாம் வளையத்தை மூடுகிறது. இங்கே நைட்ரஜன் ஏற்கெனவே பைரோலிடீன் வளையத்தில் கட்டுண்டிருப்பதால் கிடைப்பது சாதாரணக் காரமல்ல, நைட்ரஜன் நேர்மின்னேற்றம் பெற்ற இமினியம் உப்பு. சோடியம் போரோஹைட்ரைடு அதை ஒடுக்கி (ஹைட்ரஜன் சேர்த்து) டைலோபோரினாக்குகிறது.

செடி தருவது ஒளியை இடப்பக்கம் திருப்பும் ஒரே வடிவம். ஆய்வகத்தில் கிடைப்பதோ இரு வடிவங்களும் பாதிக்குப் பாதி கலந்தது. சமச்சீரின்மை கொண்ட ஒரே கார்பன் பைரோலிடீனில் இருக்கிறது. ஹைட்ரஜன் ஏறும்போது இரு பக்கமும் சமமாகவே ஏறும். வளையம் மூடும் படி அதைத் தொடுவதே இல்லை. இந்த நிலையில், செடிப் பொருளும் ஆய்வகப் பொருளும் ஒன்றுதானா என்று அறிய இரண்டையும் கலந்து உருகுநிலை பார்க்கும் பழைய சோதனை ஏமாற்றும், ஏனெனில் ரெசிமிக் (இரு வடிவமும் சமமாகக் கலந்த) படிகத்தின் அடுக்கு வேறு. திண்ம நிலையில் எடுத்த அகச்சிவப்பு நிறமாலையும் அதே காரணத்தால் வேறுபடலாம். இரண்டையும் குளோரோஃபார்மில் கரைத்துப் பதிவு செய்தால் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று விழும்.