புறாத்தீவுக்குப் போகிறீர்களா? முதலில் மிதக்கப் பழகுங்கள்

இலங்கையில் திருகோணமலைக்குப் பக்கத்திலுள்ள நிலாவெளிக் கரையிலிருந்து புறாத்தீவு ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர்தான். மே முதல் செப்டெம்பர் வரை கடல் அமைதியாக இருக்கும், அதில் பள்ளி விடுமுறையும் சேர்ந்துகொண்டால் தீவில் கால்வைக்க இடமிருக்காது. 2003இல் தேசியப் பூங்காவான இந்தச் சின்னத் தீவில் ஆழமில்லாத தண்ணீரிலேயே முருகைக்கற்கள், அதாவது பவளப்பாறைகள், தொடங்கிவிடுகின்றன. பார்க்க வருகிறவர்களுக்கு அது வசதி, முருகைக்கு அதுவே வினை.

முகக்கண்ணாடியும் மூச்சுக்குழாயும் போட்டு மிதந்தபடியே கடலடியைப் பார்க்கிற ஸ்நோர்க்கலிங்கைச் சொல்லிக்கொடுப்பது என் தொழில். நான் பார்த்தவரை யாரும் வேண்டுமென்று முருகையை மிதிப்பதில்லை. முகக்கண்ணாடிக்குள் கொஞ்சம் தண்ணீர் போகும், மூச்சு முட்டுகிற மாதிரி இருக்கும், பதறிப்போய்க் காலை ஊன்றுவார்கள், காலடியில் இருப்பது கிளைகிளையாக வளர்ந்த மான்கொம்பு முருகை, மளுக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். கல் மாதிரித் தெரிந்தாலும் அதன்மேல் மெல்லிய தோலாகப் படர்ந்திருப்பது உயிர். உடையாவிட்டாலும் அந்தத் தோல் கிழிந்த இடத்தில் பாசி ஏறிவிடும். மான்கொம்பாவது வேகமாக வளரும். பக்கத்தில் உருண்டையாக நிற்கிற முருகை ஆண்டுக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் வளரும், ஆளுயரத்துக்கு நின்றால் வயதை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அதனால் படகில் ஏறுவதற்கு முன்பே நிலாவெளி மணலில், இடுப்பளவுத் தண்ணீரில் கொஞ்ச நேரம் பழகுங்கள். கண்ணாடிக்குள் தண்ணீர் வந்தால் மேல்விளிம்பை நெற்றியோடு அழுத்திக்கொண்டு மூக்கால் ஊதுங்கள், தண்ணீர் கீழ்வழியாகப் போய்விடும். களைத்தால் நிற்க வேண்டாம், மல்லாந்து மிதங்கள். நீச்சல் தெரிந்தவர்களும் உயிர்காப்பு அங்கி போட்டுக்கொள்வது நல்லது, அதைப் போட்டவருக்குக் கால் ஊன்றும் எண்ணமே பெரும்பாலும் வராது.

அப்புறம் சுறா. இங்கே திரிகிற, துடுப்பு நுனி கறுத்த சுறாக்கள் கூச்ச சுபாவம் உள்ளவை, கேமராவோடு துரத்தினால் போயே போய்விடும். அசையாமல் மிதந்தால் அவையே உங்களைக் கடந்து போகும். மீனுக்குப் பாண் போடாதீர்கள், கிளிமீன் முருகைமேல் படரும் பாசியை மேய வேண்டும். சன்ஸ்கிரீனுக்குப் பதில் முழுக்கைச் சட்டை போதும்; முருகைக்குக் கேடு என்று, ஆக்ஸிபென்சோன் என்கிற வேதிப்பொருள் கலந்த சன்ஸ்கிரீன்களின் விற்பனையை ஹவாயில் 2021இலேயே நிறுத்திவிட்டார்கள். கரையில் செத்துக் கிடக்கும் முருகைத் துண்டைக்கூட எடுத்துவர அனுமதி இல்லை, பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

முருகை கீறிவிட்டால் நல்ல தண்ணீரும் சவர்க்காரமும் போட்டு நன்றாகக் கழுவுங்கள், துணுக்குகள் உள்ளே தங்கினால் காயம் லேசில் ஆறாது. சிவந்து வீங்கினால் தாமதிக்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.