சொன்னது எப்போது போய்ச் சேர்கிறது?

சேலத்திலிருந்து விருத்தாசலம் செல்லும் ரயில் பாதையில் ஆள் காவல் உள்ள ஒரு லெவல் கிராசிங் கேட்டை எடுத்துக்கொள்வோம். ரயில் வரப்போகிறது, கேட்டை மூடுங்கள் என்று நிலைய அதிகாரி தொலைபேசியில் சொல்கிறார். கேட் கீப்பர் மூடிப் பூட்டிய பிறகு, "மூடிவிட்டேன்" என்று மட்டும் சொல்லித் தொலைபேசியை வைத்துவிடுவதில்லை. தம்மிடமுள்ள அச்சிட்ட தாளில் அடுத்து வரும் இரண்டு இலக்க எண்ணை, ஒவ்வொரு இலக்கமாகச் சொல்கிறார். நிலைய அதிகாரி அதைத் திருப்பிச் சொல்லி நேரத்தோடு பதிவேட்டில் எழுதுகிறார். அந்த எண் தாளில் அங்கேயே கோடிட்டு அடிக்கப்படுகிறது, மறுபடி பயன்படாது. ரயில்வேயில் இதற்குப் பிரைவேட் நம்பர் என்று பெயர்.

பார்ப்பவர்களுக்கு இது வெறும் சடங்காகத் தோன்றலாம். ஆனால், "மூடியாச்சு" என்ற ஒரு சொல் இதற்கு முந்தைய ரயிலைப் பற்றியதாக இருக்கலாம், இரைச்சலில் பாதி மட்டும் கேட்டிருக்கலாம், பழக்கத்தால் யோசிக்காமலே வாயில் வந்திருக்கலாம். யாராலும் ஊகிக்க முடியாத ஓர் எண்ணைச் சேர்த்துச் சொல்லும்போது, இந்த வேண்டுகோளுக்கு இந்த மனிதர் இப்போது கொடுத்த பதில்தான் இது என்பது உறுதியாகிறது. எண் உறுதிப்படுத்துவது பேச்சை மட்டுமே, கேட்டை அல்ல என்பதும் ரயில்வேக்குத் தெரியும். கேட் மூடப்படாவிட்டால் சிக்னலே விழாதபடி இரண்டையும் பிணைக்கும் இன்டர்லாக்கிங் அமைப்பு அதற்காகவே உருவானது.

இதைச் சற்று விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. ஒருவர் சொல்வது, கேட்டவர் தாம் புரிந்துகொண்டதைத் திருப்பித் தருவது, சொன்னவர் அதைச் சரிபார்ப்பது என்ற மூன்று படிகளும் இங்கே வெளிப்படையாக நடக்கின்றன. அலுவலகத்திலும் பட்டறையிலும் வீட்டிலும் நடக்கும் எல்லா வெற்றிகரமான பேச்சிலும் இதே மூன்று படிகள், பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாமல், இருக்கின்றன. தகவல் தொடர்புப் பயிற்சி என்ற பெயரில் நடக்கும் வகுப்புகள் தம் நேரத்தின் பெரும்பகுதியை முதல் படியிலேயே, அதாவது தெளிவாகப் பேசுவது எப்படி என்பதிலேயே செலவிட்டுவிடுகின்றன. உரையாடலை ஆராய்ந்தவர்களின் முடிவுகளைப் பார்த்தால், இரண்டாவது படியும் மூன்றாவது படியும்தான் அதிகம் முடிவு செய்கின்றன.

முதல் படியே போதும் என்று நாம் ஏன் நம்புகிறோம் என்பதற்கு, 1990-இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் தம் முனைவர் பட்ட ஆய்வுக்காகச் செய்த சோதனை நல்ல விடை தருகிறது. ஒருவர் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பாட்டை மனத்துக்குள் பாடிக்கொண்டு அதன் தாளத்தை மட்டும் மேசையில் தட்ட வேண்டும். எதிரே இருப்பவர் அது எந்தப் பாட்டு என்று சொல்ல வேண்டும். பாதிப் பேராவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் நினைத்தார்கள். ஆனால் தட்டப்பட்ட 120 பாட்டுகளில் கண்டுபிடிக்கப்பட்டவை வெறும் 3. தட்டுபவரின் காதில் பாட்டு முழுவதும், சொல்லும் சுருதியுமாக, ஒலித்துக்கொண்டிருக்கிறது. எதிரே இருப்பவருக்குக் கேட்பதோ டொக் டொக் என்ற ஓசை மட்டும். தமக்குத் தெரிந்தது எதிராளிக்குத் தெரியாது என்பதை மனம் எளிதில் நினைத்துப் பார்ப்பதில்லை. அனுபவம் கூடக் கூட இந்தக் குறை கூடுகிறதே தவிரக் குறைவதில்லை என்பது என் எண்ணம்.

ஏற்காட்டின் காபித் தோட்டங்களில் அறுவடைக் காலத்தில் புதிதாக வரும் ஒருவரிடம் "பழுத்ததை மட்டும் பறி" என்று சொன்னால் என்ன நடக்கும் என்று யோசிக்கலாம். பல ஆண்டுகளாகப் பறிப்பவரின் மனத்தில் அந்தச் சொல்லோடு ஒரு குறிப்பிட்ட அடர்சிவப்பும், விரலால் அழுத்தும்போது கிடைக்கும் ஒரு மென்மையும் சேர்ந்தே வருகின்றன. புதியவருக்கோ மஞ்சள் திரும்பியதும் பழம்தான், ஒரு பக்கம் சிவந்ததும் பழம்தான். பாதிப் பழுத்த காய்கள் கூடையில் கலந்தால் காபியின் சுவை கெடும். விவரம் தெரிந்த மேஸ்திரி இங்கே விளக்கம் எதையும் நீட்ட மாட்டார். பறிக்க வேண்டியதில் ஒன்றையும் பறிக்கக் கூடாததில் ஒன்றையும் உள்ளங்கையில் வைத்துக் காட்டிவிட்டு, முதல் செடி முடிந்ததும் கூடையைப் பார்ப்பார். கூடைதான் புதியவர் திருப்பிச் சொல்லும் வாக்கியம்.

இருவருக்கும் பொதுவான புரிதல் எப்படி வளர்கிறது என்பதை உளவியல் ஆய்வாளர்கள் ஹெர்பர்ட் கிளார்க்கும் டியானா வில்க்ஸ்-கிப்ஸும் 1986-இல் அளந்து காட்டினார்கள். இருவருக்கு நடுவே ஒரு தடுப்பு, இருவரிடமும் பெயரில்லாத 12 விசித்திர உருவங்கள் கொண்ட அட்டைகள். ஒருவர் தம்முடைய அடுக்கு வரிசையைச் சொல்ல, மற்றவர் அதேபோல் அடுக்க வேண்டும். முதல் சுற்றில் ஓர் உருவத்தை விளக்கச் சராசரியாக 41 சொற்கள் தேவைப்பட்டன. ஆறாவது சுற்றில் 8 சொற்களே போதுமாயின. ஒருவர் தயங்கித் தயங்கி ஒரு வர்ணனை சொல்ல, மற்றவர் அதைத் திருத்த, இருவரும் ஏற்ற ஒரு பெயர் மெல்ல உருவாகிறது. அந்தப் பெயரைச் செய்தவர்கள் இருவருமே.

சேலத்தின் கொலுசுப் பட்டறைகளில் இதைத் தினமும் பார்க்கலாம். செவ்வாய்ப்பேட்டையிலும் சிவதாபுரத்திலும் ஒரு ஜோடிக் கொலுசு வெள்ளிக் கட்டியிலிருந்து கடைக்குப் போகும் வரை பல கைகள் மாறுகிறது. உருக்குபவர், கம்பி இழுப்பவர், பற்றவைப்பவர், மெருகு போடுபவர் என்று ஒவ்வொருவரும் தமக்கு முந்தையவரின் வேலையை நம்பியே தம் வேலையைத் தொடங்குகிறார்கள். பல ஆண்டு சேர்ந்திருப்பவர்களுக்குள் ஒரு மாடலின் செல்லப்பெயர், இத்தனை இஞ்ச், இத்தனை கிராம் என்பதோடு பேச்சு முடிந்துவிடும். வெளியாள் இதைக் கண்டு, சுருக்கமாகப் பேசுவதே திறமை என்று முடிவு கட்டினால் தவறிப்போவார். அந்தச் சுருக்கத்துக்குப் பின்னால் எத்தனையோ நீண்ட விளக்கங்களும், திருப்பி அனுப்பப்பட்ட சரக்குகளும் இருக்கின்றன. நேற்று சேர்ந்த பையனிடம் அதே மூன்று சொற்களைச் சொல்வது, நியூட்டனின் மேசையில் தாளம் தட்டுவதற்குச் சமம்.

அந்தப் பையன் அருகிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான், அவனுக்குத் தெரியாமலா இருக்கும் என்று கேட்கலாம். மைக்கேல் ஷோபரும் கிளார்க்கும் 1989-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேரடியான பதில். உரையாடலை முதலிலிருந்து கடைசிவரை ஒரு சொல் விடாமல் கேட்டும், குறுக்கே பேச வாய்ப்பில்லாதவர்கள், நேரடியாகப் பேச்சில் கலந்தவர்களைவிட அதிகமாகத் தவறு செய்தார்கள். பேசுபவர் தம் எதிராளி தலையசைக்கும் வரை விளக்குகிறார், தலையசைத்ததும் நிறுத்திவிடுகிறார். மூலையில் இருப்பவருக்கு அது போதவில்லை என்பதை அறிய வழியே இல்லை. பத்துப் பேர் அமர்ந்திருக்க இருவர் மட்டும் பேசும் அலுவலகக் கூட்டங்களில் மீதி எட்டுப் பேர் இந்த மூலையில்தான் இருக்கிறார்கள்.

பேச்சு தடுமாறும்போது அதைச் சரிசெய்ய மனிதர்களிடம் இயல்பாகவே ஒரு கருவி இருக்கிறது. மார்க் டிங்கமான்ஸ் தலைமையில் 12 மொழிகளின் அன்றாடப் பேச்சை ஆராய்ந்து 2015-இல் வெளியான முடிவின்படி, சராசரியாக 1.4 நிமிடத்துக்கு ஒருமுறை யாராவது ஒருவர் பேச்சை நிறுத்தி விளக்கம் கேட்கிறார். கேட்கும் விதங்களும் எல்லா மொழிகளிலும் ஏறத்தாழ ஒன்றே. "என்னது?" என்பது எதுவும் பிடிபடாதபோது கேட்பது. "யாரு?" என்பது ஒரு பகுதி மட்டும் விட்டுப்போனபோது கேட்பது. "நாளைக்குக் காலையிலயா?" என்பது, புரிந்ததைச் சொல்லிச் சரியா என்று கேட்பது. மூன்றில் எவ்வளவு குறிப்பாகக் கேட்க முடியுமோ அவ்வளவு குறிப்பாகவே மக்கள் கேட்கிறார்கள், ஏனென்றால் அப்போது மற்றவர் திரும்பச் சொல்ல வேண்டியது குறைகிறது. தற்செயலாக நடக்கும் மூன்றாவது வகைக் கேள்வியை ரயில்வே கட்டாயமாக்கியிருக்கிறது என்று சொல்லலாம்.

இங்கே நேரமும் ஒரு காரணி. 10 மொழிகளில் செய்து 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒருவர் பேசி முடித்து மற்றவர் தொடங்குவதற்கு இடையிலான இடைவெளி பொதுவாக நொடியில் ஐந்தில் ஒரு பங்கு அளவிலேயே இருந்தது. ஆனால் ஒரே ஒரு சொல்லை மனத்தில் தேடி எடுத்து உச்சரிக்கவே நொடியில் பாதிக்கு மேல் ஆகிறது. ஆகவே மற்றவர் பேசிக்கொண்டிருக்கும்போதே நம் பதில் உள்ளே தயாராகத் தொடங்கிவிடுகிறது. முக்கியமான தேதியையும் அளவையும் நீண்ட வாக்கியத்தின் வாலில் ஒட்டாமல் தனி வாக்கியமாகச் சொல்வது நல்லது என்று இதிலிருந்து நான் கொள்கிறேன். இது ஆய்வின் முடிவன்று, என் ஊகம்.

ஒரு பொய்யான கணக்கையும் இங்கே ஒதுக்கிவிட வேண்டும். தகவல் தொடர்பில் சொற்களின் பங்கு 7 சதவீதம், குரல் 38, உடல்மொழி 55 என்று பயிற்சி வகுப்புகளில் திரையில் காட்டுவார்கள். ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967-இல் வெளியிட்ட இரண்டு சிறு சோதனைகளிலிருந்து பிறந்தவை இந்த எண்கள். ஒருவர் சொல்லும் ஒற்றைச் சொல்லும் அவர் குரலும் முகமும் ஒன்றுக்கொன்று முரண்படும்போது, அவருக்கு நம்மைப் பிடிக்கிறதா இல்லையா என்பதை எதை வைத்து முடிவு செய்கிறோம் என்பதே அங்கே கேள்வி. எல்லாப் பேச்சுக்கும் அது பொருந்தாது என்று அவரே சொல்லியிருக்கிறார். சொற்கள் 7 சதவீதமே என்றால் கொலுசின் எடையை முகபாவத்தால் சொல்லிவிடலாமே.

ஆனால் குரல் இல்லாத இடத்தில் நாம் ஏமாறுவது உண்மை. 2005-இல் ஜஸ்டின் க்ரூகரும் சக ஆய்வாளர்களும் செய்த சோதனையில், மின்னஞ்சலில் எழுதிய வாக்கியம் கிண்டலா நிஜமா என்பதைப் படிப்பவர் கண்டுபிடித்துவிடுவார் என்று எழுதியவர்கள் 78 சதவீத அளவுக்கு நம்பினார்கள். உண்மையில் சரியாகக் கண்டுபிடிக்கப்பட்டது 56 சதவீதம், அதாவது காசைச் சுண்டிப் போட்டுச் சொல்வதைவிடக் கொஞ்சம் அதிகம். வாட்ஸ்அப்பின் நீல டிக்கும் செய்தி திறக்கப்பட்டதை மட்டுமே சொல்கிறது. அதைப் புரிதலுக்கான சான்றாக எடுத்துக்கொண்டு பிறகு சண்டை போடும் குழுக்கள் ஏராளம்.

கேள்வி கேட்பது இவ்வளவு இயல்பானதென்றால் வேலையிடத்தில் அது ஏன் நின்றுபோகிறது? பதவி வேறுபாடுதான் முதல் காரணம். மேலாளர் பேசும்போது கீழே இருப்பவர் தலையசைப்பது, காதில் விழுந்தது, புரிந்தது, ஒப்புக்கொள்கிறேன் என்ற மூன்றில் எதுவாகவும் இருக்கலாம். பல நேரங்களில் அது வெறும் மரியாதை. 1977 மார்ச் 27 அன்று டெனரீஃப் விமான நிலையத்தில் மூடுபனியில் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். ஒரே நேரத்தில் இருவர் வானொலியில் பேசியதால் கட்டுப்பாட்டு அறையின் எச்சரிக்கை இரைச்சலில் அமுங்கியது. ஆனால் புறப்பட ஓடத் தொடங்கிய விமானத்தில், மற்ற விமானம் இன்னும் ஓடுதளத்தை விட்டு விலகவில்லையோ என்ற ஐயத்தை அதன் பொறியாளர் விமானியின் அறைக்குள்ளேயே எழுப்பினார். நிறுவனத்தின் மிக மூத்த விமானிகளில் ஒருவரான கேப்டன் விலகிவிட்டது என்று அழுத்திச் சொன்னதும் பேச்சு அத்துடன் நின்றது. அதற்குப் பிறகு விமானப் பயிற்சியில், இளையவர் ஐயத்தை மீண்டும் எழுப்பவும் மூத்தவர் அதை வரவேற்கவும் தனியாகக் கற்றுத் தருகிறார்கள்.

எமி எட்மண்ட்சன் 1996-இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்தது. நன்றாக இயங்கும் மருத்துவமனைக் குழுக்களில் மருந்துத் தவறுகள் குறைவாக இருக்கும் என்று அவர் எதிர்பார்த்தார். கணக்கில் வந்ததோ அதிகம். அந்தக் குழுக்கள் அதிகமாகத் தவறு செய்யவில்லை, செய்த தவறை மறைக்காமல் சொன்னார்கள் என்பதே அவர் வந்து சேர்ந்த விளக்கம். கேட்டால் திட்டு விழாது என்ற நம்பிக்கை இருக்கும் இடத்தில்தான் இரண்டாவது படி நடக்கிறது.

மருத்துவமனைகளில் இதற்கு எண்களும் கிடைத்திருக்கின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் அறுவை சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியல், கத்தி வைப்பதற்கு முன் அறையிலிருக்கும் ஒவ்வொருவரும் தம் பெயரையும் வேலையையும் சொல்ல வேண்டும் என்கிறது. புதுடெல்லி உட்பட 8 நகரங்களில் நடந்து 2009-இல் வெளியான ஆய்வில், பட்டியல் வந்த பிறகு சிக்கல்கள் 11 சதவீதத்திலிருந்து 7 ஆகவும், இறப்புகள் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகவும் குறைந்தன. முன்னும் பின்னும் ஒப்பிட்ட ஆய்வு இது என்பதால், குறைந்த முழுவதையும் பேச்சின் கணக்கில் எழுத முடியாது. 9 மருத்துவமனைகளில் நடந்து 2014-இல் வெளியான இன்னோர் ஆய்வு நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. பணி மாறும்போது நோயாளியை ஒப்படைக்கும் முறையை மாற்றி, பெற்றுக்கொள்பவர் தாம் கேட்டதைச் சுருக்கித் திருப்பிச் சொல்வதையும் அதில் ஒரு கட்டாயப் பகுதியாக்கினார்கள். மருத்துவத் தவறுகள் 23 சதவீதம் குறைந்தன.

சேலம் உருக்காலை போல ஷிப்டுகளாக இயங்கும் எந்த ஆலைக்கும் இதே சிக்கல் உண்டு. பதிவேட்டில் போடும் கையெழுத்து, வந்தவர் வந்தார் என்பதைக் காட்டும், என்ன விளங்கிக்கொண்டார் என்பதைக் காட்டாது. எல்லாவற்றையும் திருப்பிச் சொல்லவைத்தால் வேலை நகராது, ஆட்களும் எரிச்சலடைவார்கள். எண், பெயர், இடம், நேரம், இடமா வலமா, செய்யவா வேண்டாமா என்ற இவற்றில் மட்டும் அதைக் கேட்டாலே பெரும்பகுதித் தவறு பிடிபடும். "புரிஞ்சுதா?" என்று கேட்பதில் பயன் குறைவு, அதற்கு வருவது தலையசைப்புதான். "முதல்ல எதைச் செய்யப்போறீங்கண்ணா?" என்று கேட்டால் பதிலில் புரிதல் தெரிந்துவிடும். இளையவர் மூத்தவரிடம் இப்படிக் கேட்பது நம் ஊரில் சங்கடமானது. ஆகையால் பொறுப்பில் இருப்பவர், கீழே இருப்பவர் சொன்னதைத் தாம் முதலில் திருப்பிச் சொல்லி, "நான் சொன்னது சரிதானுங்களா?" என்று கேட்டுப் பழக்கத்தைத் தொடங்கிவைப்பதே எளிய வழி.