தமிழக ரேஷன் அட்டைக்குப் பெங்களூருவில் என்ன கிடைக்கும்?

தருமபுரி, திருவண்ணாமலைப் பக்கமிருந்து கட்டட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் பெங்களூரு வந்து, அல்சூரிலோ ஸ்ரீராமபுரத்திலோ வாடகைக்குக் குடியிருக்கும் குடும்பங்கள் பலவற்றின் ரேஷன் அட்டை இன்னும் ஊர் முகவரியிலேயே இருக்கிறது. ‘ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை’ திட்டத்தில் தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்துவிட்டதால், அந்த அட்டையை மாற்றாமலேயே பெங்களூருவின் நியாயவிலைக் கடைகளில் தானியம் வாங்கலாம். ஆனால் எல்லாத் தமிழக அட்டைக்கும் இது பொருந்தாது. பலருக்கு வரிசையில் நின்று கடைக்காரர் கையை விரித்த பிறகுதான் இது தெரியவருகிறது.

முதலில் அட்டையில் அச்சிட்டிருக்கும் குறியீட்டைப் பாருங்கள். பி.எச்.எச். (PHH, முன்னுரிமைக் குடும்பம்) அல்லது பி.எச்.எச்.-ஏ.ஏ.ஒய். (PHH-AAY, மிக வறிய குடும்பம்) என்றிருந்தால், அது 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் அட்டை. மாநில எல்லை தாண்டியும் செல்லும். என்.பி.எச்.எச். (NPHH, முன்னுரிமையற்ற குடும்பம்) என்றிருந்தால் செல்லாது. தமிழ்நாட்டில் இந்த வேறுபாட்டை யாரும் பெரிதாக உணர்வதில்லை, அங்கே என்.பி.எச்.எச். அட்டைக்கும் மாநில அரசு தன் செலவில் விலையில்லா அரிசி தருகிறது. ஓசூரைக் கடந்து அத்திப்பள்ளிக்கு வந்ததும் அதே அட்டைக்கு ஒரு மணி அரிசி கிடையாது. திட்டத்தின் பெயர் தரும் நம்பிக்கைக்கும் இந்த நிபந்தனைக்கும் உள்ள தூரத்தை அரசு விளம்பரங்கள் இன்னும் வெளிப்படையாகச் சொல்லியிருக்கலாம்.

பி.எச்.எச். அட்டையில் ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியமும், அந்தியோதயா எனப்படும் ஏ.ஏ.ஒய். அட்டையில் குடும்பத்துக்கு 35 கிலோவும் இலவசம். மத்திய அரசு இதை 2024 ஜனவரி முதல் 5 ஆண்டுகளுக்கு நீட்டித்திருக்கிறது. எல்லை தாண்டி வருவது இந்த மத்தியப் பங்கு மட்டுமே. ஊரில் 30 ரூபாய்க்குக் கிடைக்கும் துவரம்பருப்பும் 25 ரூபாய்ப் பாமாயிலும் இங்கே வராது. அன்னபாக்யா என்ற இலவச ரேஷன் திட்டத்தில் கர்நாடக அரசு தன் பங்காகத் தருவதும் கர்நாடக அட்டைதாரருக்கே உரியது.

கடைக்கு அட்டையைக் கொண்டுபோக வேண்டிய கட்டாயமில்லை. அட்டை எண்ணையோ ஆதார் எண்ணையோ சொல்லி, ஆதார் இணைக்கப்பட்ட உறுப்பினர் ஒருவர் கடையிலுள்ள கைரேகைக் கருவியில் விரல் வைத்தால் போதும். கணவன் இங்கே 5 கிலோ வாங்கிக்கொள்ள, மீதியை மனைவி ஊரில் வாங்கலாம்; எவ்வளவு எடுக்கப்பட்டது என்பதைக் கணினியே கழித்துக்கொள்ளும். வெளிமாநில அட்டைக்கு ஒதுக்கீடு இல்லை என்று கடைக்காரர் சொன்னால் 14445 என்ற இலவச எண்ணில் புகார் செய்யலாம்.

ஊர் அட்டையை ஒப்படைத்துவிட்டுக் கர்நாடக அட்டை வாங்கலாமா என்ற கேள்விக்குக் கணக்குப் போட்டுப் பார்க்காமல் பதில் சொல்ல முடியாது. இரண்டு மாநிலத்திலும் அட்டை வைத்திருக்கச் சட்டத்தில் இடமில்லை. கர்நாடக அட்டை இருந்தால், தகுதியுள்ள குடும்பத் தலைவிக்குக் கிருஹலட்சுமி திட்டத்தில் மாதம் 2,000 ரூபாய் கிடைக்க வழியுண்டு; தமிழக அட்டையை விட்டால், கலைஞர் மகளிர் உரிமைத்தொகையாக வரும் 1,000 ரூபாயும் பொங்கல் பரிசுத் தொகுப்பும் போய்விடும். தொகையை மட்டும் பார்த்து அவசரப்பட வேண்டாம். கர்நாடகத்தில் புதிய அட்டைக்கான விண்ணப்பங்களை எல்லா நேரத்திலும் ஏற்பதில்லை என்பதால், விண்ணப்பம் திறந்திருப்பதை உறுதிசெய்துகொண்ட பிறகே ஊர் அட்டையில் பெயர் நீக்கச் சொல்ல வேண்டும்.